கம்பெனி நொடித்துப்போனால் அடமானக் கடன் கொடுத்தவர் செய்ய வேண்டியவை

ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுத்து, ஈடாக நிலப் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் பலர், கம்பெனி நொடித்துப்போனாலும் அந்தச் சொத்து தமக்குத்தான் என்று நம்பியிருக்கிறார்கள். பத்திரம் கையில் இருப்பது மட்டும் போதாது.

கடன் கொடுத்த அன்றே செய்ய வேண்டிய வேலை, சொத்தின் மீதான சார்ஜ் (ஈட்டின் மீது கடன் கொடுத்தவருக்குள்ள உரிமை) கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகிறதா என்று பார்ப்பதுதான். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 77ஆம் பிரிவு இதற்கு 30 நாள் தருகிறது; தாமதமானால் ஒரு வரம்புக்குள் கூடுதல் கட்டணம் செலுத்திப் பதியலாம். பதியாத சார்ஜை, மூடப்படும் கம்பெனியின் சொத்துகளை விற்றுக் கடன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கலைப்பு அலுவலர் கணக்கில் எடுக்கமாட்டார். கடன் அழியாது என்றாலும், நீங்கள் ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசைக்குப் போய்விடுவீர்கள்.

திவால் மனுவைத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றதும் தற்காலிகத் தடை வந்துவிடும். அது நீடிக்கும்வரை சொத்தை ஏலம்விட முடியாது. உரிமைக் கோரிக்கையை மட்டும் உரிய காலத்தில் தாக்கல் செய்யுங்கள்.

மீட்புத் திட்டம் கைகூடாமல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானால், 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 52ஆம் பிரிவு உங்கள் முன் இரண்டு வழிகளை வைக்கிறது: ஈட்டை, எல்லாக் கடன்களுக்கும் பகிர்வதற்கான சொத்துகளின் பொதுத் தொகுப்புக்கு விட்டுக்கொடுக்கலாம், அல்லது நீங்களே விற்றுக்கொள்ளலாம். இங்கே அவசரப்படக் கூடாது. கடன் 10 கோடி, கட்டடம் 6 கோடிக்குத்தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். நீங்களே விற்றால், மீதி 4 கோடி, யாருக்கு முதலில் பணம் என்று சொல்லும் 53ஆம் பிரிவின் வரிசையில் அரசு பாக்கியோடு சேர்ந்து ஐந்தாம் இடத்துக்கு இறங்கிவிடும். ஈடே இல்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனம்கூட உங்களுக்கு முன்னால் நிற்கும். விட்டுக்கொடுத்தாலோ, நடைமுறைச் செலவுகள் போக, முழு 10 கோடியும் தொழிலாளர்களின் 24 மாத நிலுவைக்குச் சமமாக இரண்டாம் இடம் பெறும். ஆனால் அந்த இடத்தில் ஈட்டை விட்டுக்கொடுத்த மற்றவர்களும் இருப்பார்கள். தொகுப்பில் பணம் குறைந்தால் எல்லோருக்கும் விகிதப்படியே கிடைக்கும். ஆகவே ஈட்டின் மதிப்பு கடனைத் தாண்டினால் தாமே விற்பதும், குறைவாக இருந்து கம்பெனிக்கு வேறு நல்ல சொத்துகள் இருந்தால் விட்டுக்கொடுப்பதும் பொதுவாகப் பொருந்தும்.

தாமே விற்பவர் தொழிலாளர் பங்கிலிருந்து தப்பலாம் என்று எண்ணவேண்டாம். விட்டுக்கொடுத்திருந்தால் நடைமுறைச் செலவுக்கும் தொழிலாளர் நிலுவைக்கும் எவ்வளவு போயிருக்குமோ, அதைக் கலைப்பு அலுவலரிடம் செலுத்தியாக வேண்டும். உழைத்தவரின் கூலி என்பதால் அது நியாயமும்கூட.

விட்டுக்கொடுப்பதா, தாமே விற்பதா என்ற முடிவைத் தெரிவிக்க, 2019இல் கலைப்பு ஒழுங்குமுறைகளில் சேர்க்கப்பட்ட விதி 30 நாள் கெடு வைத்தது. பேசாமல் இருந்தால் விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால் நடப்பிலுள்ள கெடுவைச் சரிபார்த்து, முடிவை எழுத்தில் அனுப்பி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.