பழைய படங்களை மறுபடி பயன்படுத்தியபோது

கொழும்பு புறக்கோட்டையின் நடைபாதை வியாபாரம் பற்றிய என் ஆய்வுக்கு, ஓர் அக்கா தன் பழைய ஆய்வுக்காக எடுத்த 212 படங்களைத் தந்தார். நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். முதல் வாரமே பாதியை வகைப்படுத்தியும் விட்டேன்.

அப்புறம்தான் சம்மதப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். “இந்த ஆய்வுக்கு மட்டும்” என்று இருந்தது. நெஞ்சு திக்கென்றது. அந்த வியாபாரிகள் சம்மதித்தது அவருக்கு, எனக்கல்ல.

வேலையை நிறுத்தி, ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குப் புதிதாக விண்ணப்பித்தேன். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்தேன். அனுமதி வந்தபின், அந்த அக்காவையே கூட்டிக்கொண்டு செட்டியார் தெருப் பக்கம் போனேன். கண்டுபிடிக்க முடிந்தவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டோம். ஒரு பழ வியாபாரி அம்மா, “என்ர படம் வேண்டாம் பிள்ளை, மகள் இப்ப வேலைக்குப் போறா” என்றார். உடனே நீக்கினேன். காரணம் சொல்லியிருக்கவே தேவையில்லை, வேண்டாம் என்றதே போதும்.

காணக்கிடைக்காதவர்களின் படங்களில் முகம் மட்டுமல்ல, கடைப் பெயர்ப்பலகை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் கறுப்புக் கட்டத்தால் மூடினேன். மங்கலாக்கினால் சிலவேளை மீட்டெடுத்துவிடலாம். கோப்புக்குள் ஒளிந்திருந்த ஜிபிஎஸ் இடக்குறிப்பையும் அழித்தேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் மிஞ்சியவை 131. ஒவ்வொன்றுக்கும் யார் எடுத்தது, எப்போது, எந்தச் சம்மதத்தில் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.