படம் எப்படின்னு கேட்டா எப்படிச் சொல்றது

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கம் எல்லோருமே படம் பார்க்கிற ஆட்கள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பகலெல்லாம் கிழிந்த வலையைச் சரிபார்ப்பது, இஞ்சினைப் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது என்று ஓடும், ராத்திரி ஆனால் வீட்டுக்கு வீடு போனில் ஒரு படமோ தொடரோ ஓடிக்கொண்டிருக்கும். காலையில் டீக்கடையில் முதல் கேள்வியே “அது பார்த்தியா, எப்படி?” என்பதுதான். “சூப்பர்”, “மொக்கை” என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு டீயைக் குடிக்கிறோம். அப்படி முடிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் பஸ் ஏறுகிறது.

எனக்கு இது புரிந்தது சித்தப்பாவால். ஒரு படம், பேர் வேண்டாம், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. “நல்ல படம் சித்தப்பா, குடும்பத்தோட போங்க” என்றேன். மீன்பாடு இல்லாத வாரம் அது, இருந்தும் நான் சொன்னேன் என்பதற்காகச் சித்தியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போனார். ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் என்றால் சும்மா இல்லை, போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர். படத்தில் ஒரே வெட்டுக்குத்து. சின்னவள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லையாம். இடைவேளையில் வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து, ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. “படம் நல்லாத்தான் இருந்திருக்கும்ப்பா, உனக்கு” என்று மட்டும் சொன்னார்.

அந்த “உனக்கு” என்ற சொல்லைத்தான் நான் விட்டுவிட்டேன். அதனால் யாராவது படம் எப்படி என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: யார் யார் பார்க்கப் போறீங்க? தனியாகப் போனில் பார்க்கிற மச்சானுக்குச் சொல்வது வேறு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற அத்தைக்குச் சொல்வது வேறு. படம் ஒன்றுதான், பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் “ஃபேமிலி படம்தான்” என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு வயது நம்பரைச் சொல்லிவிடுங்கள். 2024-ல் தணிக்கை விதிகளை மாற்றியபோது யு/ஏ (பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம்) என்று ஒன்றாக இருந்ததை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஓடிடியில் ஒரு தொடரைத் தொட்டாலும் இதே மாதிரி ஒரு நம்பர் தெரியும். “16 போட்டிருக்கு மதினி, பாப்பா தூங்குனதுக்கு அப்புறம் பாருங்க” என்றால் போதும், அவர் முடிவு செய்துகொள்வார்.

அடுத்தது, எங்கே, எதில், எப்படிப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லாமல் கருத்தைச் சொல்லாதீர்கள். தியேட்டரில் பார்த்ததா, போனில் நாலு நாளாகத் துண்டு துண்டாகப் பார்த்ததா, கருவாட்டுக்குக் காவல் இருந்துகொண்டு பாதித் தூக்கத்தில் பார்த்ததா? போனில் நெட் சுற்றிச் சுற்றி நின்ற படத்தை “இழுவை” என்று சொல்லிவிட்டு, அப்புறம் நல்ல சிக்னலில் பார்த்தபோது அதில் இழுவையே இல்லை என்று எனக்கே தெரிந்திருக்கிறது. படமே மாறிவிடுவதும் உண்டு. மெய்யழகன் 2024 செப்டம்பர் 27 அன்று வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், நீளம் என்று பலர் சொன்னதும் சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் நம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து நீளமா இல்லையா என்று சண்டை போட்டால் இரண்டு பேருமே சரிதான், அவர்கள் பார்த்தது இரண்டு படம்.

சரி, இப்போது முக்கியமான இடம். கதையைச் சொல்லாதீர்கள், ஒரு காட்சியைச் சொல்லுங்கள். “ஒரு ஊர்ல ஒருத்தன் இருக்கான், அவனுக்கு ஒரு தங்கச்சி” என்று ஆரம்பித்தால் கேட்கிறவர் இரண்டாவது நிமிடத்தில் வேறு பக்கம் பார்ப்பார், அல்லது முழுக்கக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்க்காமலே விட்டுவிடுவார். முதல் அரை மணி, முக்கால் மணிக்குள் வருகிற ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யார் என்ன செய்தார், முகம் எப்படி இருந்தது, உங்களுக்கு என்ன ஆனது, அவ்வளவுதான். நடிப்பு அருமை, ஒளிப்பதிவு பிரமாதம், இசை பின்னிட்டாங்க என்று வரிசையாக அடுக்குகிறோமே, அது எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் எந்தப் படத்தையும் சொல்லாது. எங்கள் மதினி படிப்பெல்லாம் அதிகம் இல்லை, கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவர் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னதைக் கேளுங்கள்: “அந்தப் பொண்ணு சோறு போடுது, அவன் சாப்பிடல, தட்ட எடுக்கவும் இல்ல இது, அப்படியே எதிர்ல உக்காந்துருக்கு, சோறு காயுது.” நான் அன்று ராத்திரியே அதைப் பார்த்தேன்.

கடற்கரையில் பிறந்த நமக்கு இன்னொரு பொறுப்பு இருக்கிறது. படத்தில் கடல் வந்தால் நாம் சொல்கிற கருத்துக்குத் தனி மதிப்பு, சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற விமர்சகரால் அதைச் சொல்ல முடியாது. உதாரணத்துக்கு வலை இழுக்கிற காட்சியை எடுங்கள். ஈர வலையை யாரும் கை பலத்தால் மட்டும் இழுப்பதில்லை. காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஒருவர் இழுக்க அடுத்தவர் வாங்கி, தண்ணீர் முழங்கையில் இறங்கி ஓட, ஒரு ஆள்கூட வாயே திறக்காமல் இழுப்பார்கள். விரலைப் பார்த்தால் தெரியும், கயிறு அறுத்த கோடும் மீன் முள் ஏறின தழும்பும் இருக்கும். படத்தில் நடிகர் காய்ந்த வலையைத் துணி மாதிரி மடக்கிக்கொண்டு வசனம் பேசினால், ஒரு வினாடியில் நமக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அதற்காகப் படத்தையே தூக்கி எறிய வேண்டாம். என் தாய்மாமா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். ஒரு படத்தில் படகு ஓட்டுகிற விதம் தப்பு என்று திட்டிக்கொண்டே இருந்தார், அப்புறம் கரையில் நிற்கிற பொம்பளைகள் தூரத்து வெளிச்சங்களை எண்ணுகிற இடம் வந்தது, அமைதியாகிவிட்டார். போனை என்னிடம் நீட்டி “அத மறுபடி போடு” என்றார். படகு தப்பு, கரை சரி. ஒரே படத்தைப் பற்றி இப்படி இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம், அதுதான் நேர்மையான கருத்து. நம் ஊரைக் காட்டினார்கள், பாம்பன் பாலத்தைக் காட்டினார்கள் என்பதற்காக மட்டும் நல்ல படம் என்று சொல்வதும் வேண்டாம். பாலம் வருகிறது, அழகாக இருக்கிறது, படம் இப்படி என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2025 மே 1 அன்று டூரிஸ்ட் ஃபேமிலி வந்தது, தடைக்காலத்தின் நடுவில், அதனால் எங்கள் பக்கம் அதைப் பேசாத ஆள் இல்லை. இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்குகிற ஒரு குடும்பத்தில்தான் படம் தொடங்குகிறது. சசிகுமார், சிம்ரன். சிரிக்க வைக்கிற படம், மனதைத் தொடுகிற படம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது கதை. நமக்கு மண்டபம் இலங்கை அகதிகள் முகாம் பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து வருகிற ஆட்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள், நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். அவர்களிடம் போய் “படத்துல வந்த மாதிரிதான் நீங்களும் வந்தீங்களா?” என்று கேட்காதீர்கள். படம் பார்த்த சூட்டில் நம் வாயில் அது சுலபமாக வந்துவிடும், கேட்கிறவருக்கு அது அவருடைய அப்பா, அவருடைய அக்கா, அந்த ராத்திரி. அவர்களே பேச்சை எடுத்தால் கேளுங்கள். படத்தில் இலங்கைப் பேச்சுத் தமிழ் சரியாக வந்திருக்கிறதா என்பதையும் அவர்கள் சொல்லட்டும், நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

முடிவைச் சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் கரையில் அதற்கு இன்னும் நீளமான பொறுமை வேண்டும். மகாராஜா வந்த நாள் 2024 ஜூன் 14, தடைக்காலத்தின் கடைசி நாள். ஐஸ் ஏற்றுவதும் டீசல் பிடிப்பதும் சாமான் வாங்குவதுமாகக் கரையே பரபரப்பாக இருக்கிற நேரம். கடலுக்குப் போகிறவர்களில் பலர் அதைப் பார்த்தது ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான். (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.) அந்தப் படத்தில் என்ன நடந்தது என்பதைவிட எது முன்னால், எது பின்னால் நடந்தது என்பதில்தான் முடிச்சே இருக்கிறது. அதனால் “கிளைமாக்ஸ் சொல்லலடா, ஆனா அது பழைய கதைடா” என்று அரைகுறையாக உளறினாலும் முழுசாகச் சொன்ன மாதிரிதான். எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு தம்பி அப்படிச் சொல்லி, கடலிலிருந்து திரும்பிய மூன்று பேர் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. குரூப்பில் போடாதீர்கள், பார்த்தவர்களோடு தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

தொடர்கள் பற்றிச் சொல்லும்போது எத்தனையாவது எபிசோடில் பிடித்தது என்பதைச் சொல்லுங்கள். “மூணாவதுக்கு மேலதான் சூடு பிடிக்கும், ரெண்டு பொறுத்துக்கோ” என்ற ஒரு வரி நாலு பத்தி விமர்சனத்தை விடப் பயன்படும். பாதியில் விட்டுவிட்டீர்களா, விட்டுவிட்டேன் என்றே சொல்லுங்கள், எந்த இடத்தில் என்பதையும் சொல்லுங்கள், முழுசாகப் பார்த்த மாதிரி பேச வேண்டாம். வெளிநாட்டுத் தொடர் என்றால் தமிழ் ஆடியோ இருக்கிறதா, எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்க வேண்டுமா என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம். அடலசன்ஸ் என்று 2025-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, நாலே எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. 13 வயதுப் பையனை வீட்டில் புகுந்து கைது செய்வதில் ஆரம்பிக்கும். நான் ஒரு சிநேகிதனுக்கு “ஒரே ஷாட்டுடா” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அவன் பையனின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறான். எப்படி எடுத்தார்கள் என்பதைப் பார்த்து முடித்தபிறகு சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதை நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அப்பாவும் அம்மாவும் முதலில் பார்த்துவிட்டு.

நீங்கள் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்று வந்தால்? வாதம் செய்யாதீர்கள். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இருக்கிறார், அவரிடம் கற்றுக்கொண்டது இது. தான் உயிராக நினைக்கிற படத்தை ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் காக்கா கோபப்பட மாட்டார், “எந்த இடத்துல உங்களுக்கு விட்டுப்போச்சு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆட்கள் யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள். சில சமயம் அந்த இடம் நமக்கும் விட்டுப்போன இடமாக இருக்கும், நாமே கவனித்திருக்க மாட்டோம்.

மார்க் போடுவது பற்றி எனக்கு உடன்பாடு இல்லை. அஞ்சுக்கு மூணேகால் என்று சொன்னால் சித்தப்பாவுக்கு என்ன புரியும்?

வாய்ஸ் மெசேஜ் போடுவதாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், படகில் இஞ்சின் சத்தத்தில் காதில் வைத்துக் கேட்பார்கள், நீளமாகப் பேசினால் பாதி போய்விடும். போன மாதம் நான் சித்தப்பாவுக்குப் போட்டது இது, அப்படியே எழுதுகிறேன்:

“சித்தப்பா, மெய்யழகன் பழைய படம்தான், இப்பத்தான் பார்த்தேன். போன்ல, ரெண்டு ராத்திரியா. சொந்த ஊர விட்டுப் போனவரு, அரவிந்த்சாமி, ரொம்ப வருஷம் கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வர்றாரு. மேடையில அந்தப் புள்ள அண்ணன் குடுத்த பரிச அங்கனயே பிரிச்சு அங்கனயே போட்டுக்கும், அந்த எடத்துல எனக்கு நம்ம அக்கா கல்யாணம் ஞாபகம் வந்துருச்சு. சண்டை இல்ல, ரத்தம் இல்ல, பாப்பா பயப்பட ஒண்ணும் இல்ல. ராத்திரி உக்காந்து பீர் குடிக்கிற எடம் ஒண்ணு நீளமா வரும், சித்திக்குப் பிடிக்காது, சொல்லிட்டேன். பேச்சு ஜாஸ்தி, நாளைக்குக் காலைல கடலுக்குப் போகணும்னா இன்னைக்கு ஆரம்பிக்காதீங்க.”

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது, பின்னால் இஞ்சின் ஓடுகிற சத்தத்தோடு: “பாதி பார்த்தாச்சுப்பா. அந்தப் பரிசு பிரிக்கிற எடத்துல ஒங்க சித்தி போன வாங்கி நிப்பாட்டிட்டா, அவ அண்ணனுக்குப் போன் போடணுமாம். மிச்சத்த கரைக்கு வந்து பார்க்கணும்.”