வீட்டை விற்கிறீர்களா? கமிஷனைப் பார்த்துக் கையெழுத்தைக் கோட்டை விடாதீர்கள்

வீட்டை விற்பது என்று முடிவானதும் எல்லோர் வீட்டிலும் முதலில் ஓடுவது புரோக்கர் கமிஷன் பேச்சுதான். நூற்றுக்கு ஒன்றா, இரண்டா, நாமே விற்றால் அது மிச்சமாகுமே என்று. மிச்சமாகும், சரி. ஆனால் தாம்பரம் பக்கம் அப்பா கட்டிய வீட்டை விற்க நாங்கள் அலைந்த ஏழு மாதத்தில், எங்களுக்குப் பணமும் தூக்கமும் போனது வேறு இடத்தில்.

வாங்க ஆள் வந்த பிறகுதான் வில்லங்கம், அதாவது வீட்டின் மேல் பதிவாகியிருக்கும் விற்பனை, அடமான விவரம், போட்டுப் பார்த்தோம். அதுதான் முதல் தவறு. பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம், விற்க நினைத்த அன்றே பார்த்திருக்க வேண்டும். அப்பா வாங்கிய வீட்டுக்கடன் 2011-லேயே தீர்ந்து, பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்ததைப் பதிவு செய்தவர்கள், கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதியவே இல்லை. வில்லங்கத்தில் அந்த ஒரு வரி அப்படியே நின்றது. வாங்க வந்தவருக்குக் கடன் கொடுக்கவிருந்த வங்கி, அதைப் பார்த்ததும் ஃபைலைத் திருப்பிவிட்டது. எங்கள் வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீதில் கையெழுத்துப் போட ஐந்து வாரமானது, அதற்குள் வாங்க வந்தவர் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

அடுத்தது வாரிசு. அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால், இந்துக் குடும்பங்களில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு, அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. "தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்பது சட்டத்தின் முன் நிற்காது. விலை பேசும் முன்பே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், பத்திரம் பதியும் நாளில் போன் போட்டு வரச் சொல்லாதீர்கள்.

புரோக்கரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெருவில் போன மாதம் உண்மையில் என்ன விலைக்கு முடிந்தது என்று நல்ல புரோக்கருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் காதில் விழுந்த விலை. ஆனால் மொத்தப் பத்திரத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பத்து பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அப்புறம், எங்களிடம் ஒரு புரோக்கர், "நானே அட்வான்ஸ் தர்றேன் சார், மூணு மாசம் டைம் போட்டு அக்ரிமென்ட் என் பேர்லயே போட்டுக்கலாம்" என்றார். வரைவில் நான்காவது பக்கத்தில் 'அல்லது அவர் குறிப்பிடும் நபருக்கு' என்று ஒரு வரி. அதாவது நம் வீட்டை நம்மிடம் பேசிய விலைக்குப் பூட்டிவிட்டு, மேல் விலைக்கு ஆள் தேடுவார். தமிழ்நாட்டில் விற்பனை அக்ரிமென்டைக் கட்டாயம் பதிய வேண்டும். பதிந்தால் அதுவும் வில்லங்கத்தில் ஏறும், நாம் மட்டும் போய் நீக்க முடியாது, அவரும் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் கோர்ட்தான். உங்கள் சார்பில் அவரே விற்கும் அதிகாரப் பத்திரத்தை, அதாவது பவர், எழுதிக் கேட்டால் பேச்சையே அங்கே முடித்துவிடுங்கள். கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரடியாக விற்கிறவர்கள் சறுக்குவது பணத்தில். அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கிய நமக்கு. பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டுவிட்டு மீதியைக் கையில் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும், எண்ணைச் சரியாகப் போட்டாரா என்று பாருங்கள். லாபத்துக்கு வரி உண்டு, வேறு வீடு வாங்கினால் அதில் சலுகையும் உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது. ஆகவே ஆடிட்டரிடம் விற்பதற்கு முன்பே போய்விடுங்கள்.

சாமான் மட்டும் இறக்கி வைத்துக்கொள்கிறோம் என்று பதிவுக்கு முன்னாலேயே சாவி கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். மீதிப் பணம் கணக்கில் ஏறி, பத்திரமும் பதிந்து முடித்து, வெளியே வேப்பமரத்தடிக்கு வந்த பிறகுதான் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.