சூரிய வீடு மானியம்: தகடு மாடி ஏறும் முன்பே நேரும் தவறுகள்

வீட்டு மாடியில் சூரிய மின்தகடு அமைப்போருக்கு மானியம் வழங்கும் ‘பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்’ 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பெயரில் உள்ள ‘இலவசம்’ பலரைக் குழப்பியிருக்கிறது. மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்று சொல்லப்படுவது நம் மாடியில் நம் தகடுகளே உற்பத்தி செய்யும் மின்சாரத்தைத்தான். அரசு தருவது அதற்கான முதலீட்டில் ஒரு பங்கை மட்டுமே. அந்தப் பங்கும் வேலை முடிந்து, நெட் மீட்டர் (மின்வாரியத்திலிருந்து வரும் மின்சாரத்தையும் நம் வீட்டிலிருந்து அங்கே போவதையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, மின்வாரிய ஆய்வும் நிறைவேறிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், மானியத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் பணம் திரட்டுவது முதல் தவறு. கையில் பணம் இல்லாதவர்கள், பிணையின்றிப் பொதுத்துறை வங்கிகள் தரும் கடனை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் அதிகம் இழுத்தடிப்பது பெயர்ப் பிரச்சினைதான். தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் மின் இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டுவதில் சிக்கல் இல்லாததால் யாரும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். விண்ணப்பமோ இணைப்பு எண்ணை வைத்தே தொடங்குகிறது. இணைப்பில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் இன்னொரு பெயரும் இருந்தால், தகடுகள் வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மானியம் நின்றுவிடக்கூடும். வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது போன்றவற்றைக் கொண்டு பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே முறை. தலைப்பெழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக்கூட ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அளவு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் ஐந்தோ பத்தோ அமைத்தாலும் மானியம் 78,000 ரூபாயைத் தாண்டாது. ஆகவே விற்பனையாளர் சொல்லும் அளவைவிட நம் மின் கணக்கீட்டு அட்டை சொல்லும் அளவே முக்கியம். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஆகிறது. முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவிடும் வீடு போட்ட பணத்தை எடுக்க மிக நீண்ட காலம் ஆகும். அத்தகைய வீட்டுக்கு மானியம் இருக்கிறது என்பது மட்டுமே போதிய காரணமாகாது என்பது என் கருத்து. ஏசி ஓடும் வீட்டின் கணக்கே வேறு.

விலை குறைவு என்பதற்காக வெளிநாட்டுத் தகடுகளை ஏற்பவர்கள் மானியத்தை முழுவதுமாக இழக்கிறார்கள். தகட்டை இந்தியாவில் ஒன்றுசேர்த்துத் தயாரித்திருந்தால் மட்டும் போதாது, அதனுள் ஒளியை மின்சாரமாக்கும் சூரிய மின்கலமும் இங்கே தயாரானதாக இருக்க வேண்டும். ஆகவே கொட்டேஷனிலேயே அதை எழுதி வாங்குவது அவசியம். நிறுவுபவர் திட்டத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் தேசிய இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

இடத்தைக் காலை பத்து மணிக்கு மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மீது விழுந்தாலும், தொடராக இணைக்கப்பட்ட மற்றத் தகடுகளின் உற்பத்தியும் குறையக்கூடும்.

மின்வெட்டின்போதும் வீடு ஒளிரும் என்று எதிர்பார்ப்பதும் பரவலான தவறு. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக, மின்வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன், தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர்களும் தாமாகவே நின்றுவிடும். அந்த நேரத்துக்கும் மின்சாரம் வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தேவை. பேட்டரிக்கு இத்திட்டத்தில் தனி மானியம் கிடையாது.