அங்கோரில் வலப்பக்கம் திரும்புங்கள்: பழைய கோயில்களைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்கு முதல் முறை போனபோது அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். மேற்கு வாசல் வழியாக நுழைந்து சிற்பச் சுவர்கள் இருக்கும் திருச்சுற்றை அடைந்ததும் இருவர் காலும் தானாக இடப்பக்கம் திரும்பின. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் அப்படித்தானே சுற்றுகிறோம். வெகுநேரம் நடந்து கிழக்குப் பக்கம் வந்தபோது பாற்கடல் கடையும் சிற்பம் தொடங்கியது. அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா, வால் இங்க இருக்கு, பாம்போட தலை எங்க?" என்றார்.

அந்தச் சிற்பத்தின் நீளம் 49 மீட்டர். தலை அந்தக் கோடியில், அசுரர்கள் கையில் இருந்தது. நாங்கள் கதையைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

இந்தக் கோயிலை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டினான். மேற்கு பார்த்த கோயில். இதன் சிற்பச் சுவர்களை இடமாகத்தான் சுற்ற வேண்டும், அதாவது சுவர் நம் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நீத்தார் சடங்கில் சுற்றும் முறை இது. அதனால் இதை அரசனின் நினைவுக்கோயிலாகவும் ஆய்வாளர் பலர் பார்க்கிறார்கள். வலப்பக்கம் திரும்பினால் முதலில் குருக்ஷேத்திரப் போர், அடுத்து சூரியவர்மனின் படை ஊர்வலம், பிறகு சொர்க்கமும் நரகமும், அப்புறம் பாற்கடல் என்று வரிசையாக வரும். எங்களைப் போல இடப்பக்கம் திரும்பினால் இலங்கைப் போருக்கும் தேவாசுரப் போருக்கும் அடுத்து வருபவை 16ஆம் நூற்றாண்டில்தான் செதுக்கி முடித்தவை. கை அவ்வளவு தேர்ந்ததல்ல. அவற்றின் முன்னால் நின்று நின்று காலும் கண்ணும் ஓய்ந்த பிறகுதான் நல்ல சிற்பங்கள் வருகின்றன. அம்மா பாற்கடலின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். மீதியை இன்னொரு நாள் பார்த்தோம்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இதற்கு நேர் எதிர். பௌத்தத் தலமான போரோபுதூரிலும் பிரம்பனான் கோயில்களிலும் சிற்பங்கள் வலம் வருகிறவருக்காகவே செதுக்கப்பட்டவை. பிரம்பனானில் ராமாயணம் சிவன் கோயிலின் சுற்றில் தொடங்கி, பக்கத்திலிருக்கும் பிரம்மன் கோயிலில் முடிகிறது. சிவன் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குப் பாதி ராமாயணம்தான் கிடைக்கிறது. இதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் தெரிந்துவிடும் விஷயம். எந்த வாசல் வழியாக நுழைவது, எந்தப் பக்கம் சுற்றுவது, எந்தச் சுவரில் எந்தக் கதை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உள்ளே போன பிறகு கைபேசியில் தேடிக்கொள்ளலாம் என்று நினைப்பதைத்தான் முதல் தவறு என்பேன்.

அடுத்தது, சென்னையிலும் பக்கத்திலும் இருப்பதைப் பார்க்காமல் போவது. மாமல்லபுரத்துக்கு நாம் கடைசியாக எப்போது போனோம்? பள்ளிச் சுற்றுலாவில், அல்லது வெளியூர் உறவினர் வந்தபோது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, வராகக் குகையிலும் மகிடாசுரமர்த்தினி குகையிலும் தலா அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். திரும்பும் வழியில் சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குகையில் நிறுத்துங்கள். அங்கே பல்லவ கிரந்தக் கல்வெட்டு இருக்கிறது. அந்த எழுத்தின் வழிவந்தவைதான் கெமர், ஜாவா, தாய் எழுத்துகள். அதை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு கம்போடியாவில் கடைப் பலகைகூட வேறு மாதிரித் தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தையும் பார்த்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. வெளிநாடுகளில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. போரோபுதூரிலும் திங்களன்று மேலே ஏற விடுவதில்லை. மற்ற நாட்களிலும் ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று கணக்கு உண்டு. நேரம் குறித்து முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன், அவர்கள் தரும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். அங்கே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்கள் கீழேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

சரி, எத்தனை நாள்? நம்மூர் பேக்கேஜ் விளம்பரங்களில் ஆறு நாளில் மூன்று நாடு என்று வரும். அதில் அங்கோருக்கு ஒரு காலைப்பொழுது கிடைக்கும். சூரிய உதயப் படம் ஒன்று, மரவேர் சுற்றிய தா ப்ரோம் கோயிலில் படம் ஒன்று, அவ்வளவுதான். அங்கே ஒரு நாள் அனுமதிச் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ச்சியாகப் போக வேண்டியதில்லை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். கோயில் மேற்கு பார்த்தது என்பதால் காலையில் முகப்பு நிழலில் இருக்கும், பிற்பகலில்தான் வெயில் நேராக விழுந்து கல் பொன்னிறமாகும். எல்லாரும் விடியற்காலையில் முண்டியடிக்கிறார்கள் என்று நாமும் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 967இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரீ என்ற சின்னஞ்சிறு சிவன் கோயில் அங்கோரை ஒட்டிய சியெம் ரீப் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் பேக்கேஜ்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தில் செதுக்கியதுபோல அவ்வளவு நுணுக்கம். ஒரே ஒரு கோயிலைக் கூடுதலாகச் சேர்க்க முடியுமென்றால் அதைத்தான் சேர்ப்பேன்.

அங்கோர் வாட்டின் உச்சித் தளமான பாக்கானுக்குப் போக நினைப்பவர்கள் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பௌத்த விரத நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி ஒட்டிய நாட்களில், அதை மூடிவிடுவார்கள். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் அங்கே அனுமதி கிடையாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் போதும் என்று நினைத்து வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பருத்தி வேட்டியோ சல்வாரோ உடுத்திப் போனால் பிரச்சினையே இல்லை, வெயிலுக்கும் அதுதான் இதம்.

பருவம் பார்க்காமல் போவதுதான் சென்னைக் குடும்பங்கள் அதிகம் செய்யும் தவறு. பள்ளி விடுமுறை என்று ஏப்ரல், மே மாதத்தில் கிளம்பிவிடுகிறோம். கம்போடியாவில் அதுதான் கொளுத்தும் காலம். சித்திரை முதல் நாளை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு, ஊரே சொந்த ஊருக்குப் போயிருக்கும். இலங்கையிலும் அதே நாட்களில் கடைகள் அடைத்திருக்கும். இன்னொரு பக்கம், தீபாவளி விடுமுறையில் வியட்நாமின் மீ சன் கோயில்களுக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அந்தக் கரையையும் நனைக்கிறது. மீ சன்னுக்குப் பக்கத்து ஊரான ஹோய் அன் தெருக்களில் வெள்ளம் ஓடும் மாதங்கள் அவை. சம்பா அரசர்கள் பத்திரேசுவரர் என்ற பெயரில் சிவனை வழிபட்ட செங்கல் கோயில்கள் மீ சன்னின் மலைச்சூழலில்தான் இருக்கின்றன. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்தவை போக மீதி இருப்பதைப் பார்க்க பிப்ரவரி, மார்ச் நல்ல காலம்.

இலங்கைக்குப் போகிறவர்களிடம் நான் ஆற்றாமையோடு சொல்வது ஒன்று உண்டு. பொலன்னறுவைக்குப் போனால் வழிகாட்டி நேராக கல் விகாரைப் புத்தர்களிடம் அழைத்துப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை, அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அதே வளாகத்தில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று எண் போட்டு வைத்திருப்பது சோழர் 11ஆம் நூற்றாண்டில் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம். தஞ்சை மாவட்டத்தின் ஏதோ ஒரு சின்ன ஊரில் இருக்கும் கற்றளியைப் பெயர்த்து வைத்ததுபோல இருக்கும். அடித்தளக் கல்லில் தமிழ்க் கல்வெட்டு. சாய்ந்த வெயிலில் குனிந்து எழுத்துக்கூட்டினால் ஓரிரு சொல் பிடிபடும். பிடிபடும்போது உடம்பு சிலிர்க்கும். கையால் தடவாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திலும் ஒரு கல் இருக்கிறது. 1409 என்று தேதியிட்டுச் சீனக் கடற்தலைவர் செங் ஹ நிறுத்தி, 1911இல் காலி நகரில் கண்டெடுத்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் என்று மூன்று மொழியில் காணிக்கை சொல்லும் கல். கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கும் நம்மவர்கள் பலர் இது இருப்பதே தெரியாமல் திரும்புகிறார்கள்.

கடாரம் வேறு மாதிரி. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் ராஜேந்திரன் வென்ற ஊர் என்ற கனவோடு போய், மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் இடுப்பளவு உயரக் கல் அடித்தளங்களைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். கோபுரத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஜெராய் மலை அடிவாரம், பக்கத்தில் ஆறு, அதற்கப்பால் கடல். நம் கடற்கரையிலிருந்து கீழைக்காற்றையும் மேலைக்காற்றையும் நம்பிப் புறப்பட்ட கப்பல்களுக்கு அந்த மலைதான் அடையாளம். மலையைப் பார்த்துவிட்டு அடித்தளத்தைப் பாருங்கள், அப்போது புரியும். 2013இல் அங்கே ஒரு பழைய கோயில் எச்சத்தைக் கட்டுமான வேலைக்காக இடித்தே விட்டார்கள். மிச்சம் இருக்கும்போதே போய் வாருங்கள்.

ஆபத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் சிகிரியாப் பாறையில் குளவிக் கூடுகள் உண்டு. கூச்சல் போட்டால் கலைந்து வந்து கொட்டும். குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நல்ல வாசனைத் தைலம் பூசிக்கொண்டு ஏறாதீர்கள். லாவோஸில் கல் சாடிகள் சிதறிக்கிடக்கும் சமவெளி, பார்த்தால் நம் ஈமத்தாழிகள் நினைவுக்கு வரும் இடம். ஆனால் 1964 முதல் 1973 வரை வீசிய குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. தரையில் பதித்த குறிகளில் வெள்ளை உள்ள பக்கத்தில் மட்டும் நடக்க வேண்டும். நல்ல படம் கிடைக்கும் என்று புல்லுக்குள் இரண்டு அடி வைப்பது உயிரோடு விளையாடுவது. 2025 ஜூலையில் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் சண்டை மூண்டது. பிரேயா விகார் கோயில் அந்த எல்லை மலையில்தான் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து பேருந்தில் சியெம் ரீப் போய்விடலாம் என்று பழைய பயணக் குறிப்பை நம்பித் திட்டம் போடாமல், கிளம்பும் வாரத்தில் நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

இலங்கையில் புத்தருக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். நமக்கு அது சாதாரணம், அவர்களுக்கு அது மனதைப் புண்படுத்தும் செயல், வழக்குவரை போயிருக்கிறது. அனுராதபுரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிவெயில் கல்லில் நடக்க வேண்டும். ஒரு ஜோடி தடித்த காலுறை கைப்பையில் இருக்கட்டும்.

சாமான் கட்டும்போது மசாலாப் பொடியைக் கொஞ்சம் கவனியுங்கள். குருமாவுக்கு அரைத்த பொடியில் கசகசா இருந்தால் சிங்கப்பூரிலும் துபாயிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். அந்த வழியாகப் போகிறவர்கள் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வியட்நாமில் 'சாய்' என்றும் தாய்லாந்தில் 'ஜே' என்றும் கேட்க வேண்டும். காய்கறி மட்டும் போடுங்கள் என்று கேட்டால் காய்கறிதான் வரும், மீன் சாற்றோடு.

கம்போடியாவில் அவர்கள் நாணயத்தோடு டாலரும் புழக்கத்தில் உண்டு. சென்னையில் பணம் மாற்றும்போது ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்த 20 டாலர் தாளை அங்கே ஒரு கடையிலும் வாங்கவில்லை. எட்டு நாளும் பர்சில் சுமந்து திரும்பக் கொண்டுவந்தேன். மாற்றிக்கொடுத்த இடத்தில் நின்ற இடத்திலேயே புதுத் தாள் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.