ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றும்போதும் தேடும்போதும் நடக்கிற தவறுகள்

கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருஷம் சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு நெசவாளர் மகளோடு வந்தார். கைத்தறி பற்றி ப்ராஜெக்ட் எழுத அந்தப் பெண் இணையத்தில் ஓர் ஆய்வேட்டைத் திறந்திருக்கிறாள். பின்னிணைப்பில் அப்பாவின் பெயர், ஊர், செல்போன் எண், மாசக் கூலி, வாங்கிய கடன் எல்லாம் கட்டம் போட்டு வரிசையாக இருந்தன. "ஏனுங்க, படிக்கற பையன் கேக்கறானேன்னு சொன்னதுங்க. ஊரே பாக்கும்னு அவன் சொல்லவே இல்லீங்களே" என்றார்.

அந்தப் பையனுக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆய்வேடு என்றால் தடிமனான அட்டை, தங்க எழுத்து, நாலைந்து பிரதி, அப்புறம் பீரோ. நெறியாளரும் தேர்வாளரும் தவிர யாரும் புரட்ட மாட்டார்கள் என்ற பழைய நினைப்பிலேயே இன்னும் எழுதுகிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைக்குப் பிறகு நிலைமை வேறு. முனைவர் பட்ட ஆய்வேடுகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்துக்குப் போகின்றன. கட்டணம் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. போன் வைத்திருக்கும் யாரும் படிக்கலாம், நாம் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் உட்பட.

அதனால் பின்னிணைப்பில் வெற்று வினாத்தாள் போதும், நிரப்பிய தாள் வேண்டாம். பெயருக்குப் பதில் 'நெசவாளர் 14' என்று போடுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். பெயரை மட்டும் எடுத்தாலும் தீராது. "இவ்வூரில் சாயப்பட்டறை நடத்தும் ஒரே விதவை" என்று எழுதினால் ஊர்க்காரர்களுக்குப் பெயர் எதற்கு? பேட்டி எடுக்கும்போதே "இது நெட்டில் வருமுங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஏறிய பிறகு எடுப்பது பெரும்பாடு. பல்கலைக்கழகம் வழியாக எழுதிக் கேட்க வேண்டும். அதற்குள் எத்தனை பேர் இறக்கி வைத்திருப்பார்களோ.

அடுத்தது எழுத்துரு. தமிழ் ஆய்வேடுகள் நிறைய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது ஆங்கிலம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. யார் 'தமிழ்' என்று தேடினாலும் அது சிக்காது. மூன்று நான்கு வருஷம் உழைத்து எழுதியதை இணையத்தில் போட்டும் புதைத்து வைத்த மாதிரிதான். ஒருங்குறியில் (யூனிகோடு) அடியுங்கள். தட்டச்சு செய்து கொடுப்பவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். அச்செடுத்ததை மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுவது இதைவிட மோசம்.

"நெட்டில் போட்டால் திருடிவிடுவார்கள்" என்ற பயம் பலருக்கு உண்டு. எனக்கு அது எப்போதும் தலைகீழாகத்தான் படுகிறது. பீரோவில் இருப்பதைத் திருடினால் யாருக்குத் தெரியும்? தளத்தில் இருப்பது நகல் சோதிக்கும் மென்பொருளில் மாட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டிய இடம் ஒன்று மட்டும் உண்டு. கோவையில் பம்பு, மோட்டார், நெசவு இயந்திரம் என்று ஆய்வு செய்பவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால், முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். ஆய்வேடு முந்திக்கொண்டு வெளியானால் 'இது புதிது' என்று சொல்லும் உரிமையே போய்விடலாம்.

படிப்பது இலவசம் என்றால் எடுத்துக்கொள்வதும் இலவசம் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஷோத்கங்காவில் உள்ளவற்றை எழுதியவர் பெயரைச் சொல்லி, காசு பார்க்காமல் பயன்படுத்தலாம். அதை மாற்றி எழுதி வெளியிட்டால், அதே நிபந்தனையோடுதான் வெளியிட வேண்டும். மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்திக் கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கிப் போட்டால் மென்பொருள் கோட்டைவிடலாம், பிழை காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கத்து ஆய்வேடுகளில் 'ஆய்வுக் களம்' என்ற இயல் கைமாறிக் கைமாறி வருவது. திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. அதற்கு அப்புறம் எழுதியதிலும் காங்கேயம் ஈரோடு மாவட்டத்திலேயே இருந்தால், எங்கிருந்து எடுத்தது என்று கேட்கவே வேண்டியதில்லை.

தேடுவதிலும் இதே எல்லைச் சிக்கல்தான். ஈரோடு 1979இல் கோவையிலிருந்து பிரிந்தபோது அதன் பெயர் பெரியார் மாவட்டம். பழைய ஆய்வுகளை அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள். திருப்பூருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் இரண்டு 'பி' போட்டும் தேட வேண்டும். பெருந்துறையில் நடந்த பொறியியல் ஆய்வைப் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் தேடி அலுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருக்கும். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல்தான் வந்தது. அதற்கு முந்தைய சேலம், நாமக்கல் ஆய்வுகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். கோவையின் பாரதியாரும் 1982இல் வந்ததுதான். அதற்கு முன்னால் என்றால் கோவை ஆய்வுகளுக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். மஞ்சள், கரும்பு, காங்கேயம் மாடு என்று தேடுபவர்கள் வேளாண் ஆய்வேடுகளுக்கான கிருஷிகோஷ் தளத்தையும் விட்டுவிடக் கூடாது. ஷோத்கங்காவில் எதைக் கண்டெடுத்தாலும், பிரவுசரின் மேலே தெரியும் முகவரியை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் 10603 என்று தொடங்கும் நிலையான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோளுக்கு அதுதான் நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால், அது எம்.ஃபில் ஏடாகவோ எம்.ஏ. ப்ராஜெக்டாகவோ இருக்கலாம். ஊர்க் கோயில், குலதெய்வம், சந்தை, வாய்க்கால் பற்றி எங்கள் பிள்ளைகள் எழுதியதில் பெரும்பகுதி அந்த வகைதான். அவை இன்னும் பீரோவில் இருக்கின்றன. சாவி என்னிடம்தான், பத்து மணிக்கு மேல் வாருங்கள்.