மணலில் அடும்புப் பூவைப் படமெடுக்க

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் படரும் அடும்பு காலையில் விரிந்து, வெயில் ஏற ஏற வாடிவிடும். ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

பெரிய தொல்லை காற்றுதான். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைந்தால் இதழ் கலங்கும். லென்ஸ் துளை எஃப்/8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். ஃபோகஸ் பூவின் கருஊதாத் தொண்டைக்குள் இருக்கும் மகரந்தத்தில். நின்றுகொண்டு எடுத்தால் வெறும் மணல்தான் பின்னணி. வயிற்றை மணலில் வைத்துப் படுத்தால் கடல் வரும்.

படச்சட்டம் முழுக்க வெண்மணல் என்றால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும்: எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 ஏற்றுங்கள். பூவே சட்டத்தை நிறைத்தால் ஏற்றாதீர்கள், இளஞ்சிவப்பு வெளுத்து இதழின் நரம்புகள் மறையும்.

அங்கே லென்ஸைக் கழற்றவே கூடாது. துடைப்பதற்கு முன் ஊதுகுமிழால் மணலை ஊதுங்கள். இல்லையேல் கண்ணாடியில் கீறல். உப்புப் படலத்துக்கு ஈரத்துணி. இராவணன் மீசைப் புதருக்குள் முழங்கால் ஊன்றாதீர்கள், குத்தும்.